பெட்டி இன்னும் பீரோ மேலயே இருக்கு: ஷார்ஜாவ முடிச்சுட்டு வந்தவருக்கு ஒரு பதில்

இந்த வாரக் கடிதம் நாலு பக்கம், கையால எழுதி ஃபோட்டோ புடிச்சு அனுப்பியிருக்கார். ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்திட்டேன்.

எழுதினவருக்கு 52 வயசு, அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். 2002ல ஷார்ஜாவுக்கு ஏசி டக்ட் (குளிர்காத்து போற குழாய்) மாட்டற வேலைக்கு ஹெல்பரா போனவர், ஒரே கம்பெனில 23 வருஷம் இருந்து ஃபோர்மேன் வரைக்கும் வந்திருக்கார். 2025 பிப்ரவரில கம்பெனில ஆள் குறைச்சப்ப இவர் பேரும் வந்துடுச்சு, விசா கேன்சல் ஆகி ஊருக்கு வந்துட்டார், வந்து எட்டு மாசம் ஆகுது. வீட்ல மனைவி, நர்சிங் கடைசி வருஷம் படிக்கற பொண்ணு, பிளஸ் டூ படிக்கற பையன். லீவு எல்லாத்தையும் கூட்டினா இந்த 23 வருஷத்துல மொத்தம் 25 மாசம்தான் மேடம் ஊர்ல இருந்திருக்கேன்னு அவரே கணக்கு போட்டு எழுதியிருக்கார்.

மொத மாசம் விருந்து மாதிரி போச்சாம். அப்புறம் ஒண்ணொண்ணா குத்த ஆரம்பிச்சிருக்கு. சிலிண்டர் போட வந்த தம்பி இவர வாசல்ல பாத்துட்டு "அக்கா இல்லையா?"ன்னு கேட்டு, இல்லன்னதும் அப்புறம் வரேன்னு வண்டிய திருப்பிட்டானாம். போன்ல மணிக்கணக்கா பேசின பையன் இப்ப எதிர்ல உக்காந்தா செல்ல நோண்டறான். மளிகைக் கணக்கு கேட்டப்ப மனைவி ஒண்ணும் சொல்லாம உள்ள போய் அழுதிருக்காங்க, எதுல கை வெச்சாலும் "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்"னு சொல்றாங்க, அது இவருக்கு மரியாதைக் குறைச்சலா படுது. கையில 18 லட்சம் டெபாசிட் இருக்கு, அதுல 12 லட்சத்த போட்டா ஏசி ஷோரூம்ல பாதிக்குப் பாதி பங்குன்னு மச்சான் கூப்பிடறார், தை பொறக்கறதுக்குள்ள பதில் சொல்லணுமாம். இன்னொரு பக்கம் ஏஜென்ட் ஒருத்தர் ஒண்ணரை லட்சம் குடுத்தா திரும்ப துபாய் விசான்னு சொல்லியிருக்கார். ஊர்ல யார் கேட்டாலும் இன்னும் "லாங் லீவு"ன்னுதான் சொல்லிட்டு இருக்கார், கொண்டு வந்த பெட்டி பீரோ மேல அப்படியே இருக்கு, ஏர்போர்ட்ல ஒட்டின டேக் கூட கிழிக்கல. கேள்வி மூணு. எனக்கு மனசு கெட்டுப் போச்சா? காச போடலாமா? திரும்பிப் போயிடலாமா?

அண்ணே, உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். மூணு கேள்விக்கும் பதில் சொல்றேன், ஆனா நீங்க கேட்ட வரிசைல இல்ல. அதுக்கு முன்னாடி மூணாவது பக்கத்துல நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிய எடுத்துக்கறேன்.

முதல்ல அந்த ஒரு வரி

"சில நேரம் நான் இல்லாட்டி இவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு தோணுது"ன்னு எழுதி, பக்கத்துலயே "சும்மா சொன்னேன்"னு போட்டிருக்கீங்க. நான் அத சும்மான்னு எடுத்துக்க மாட்டேன். இப்படி தோணறது கோழைத்தனமும் இல்ல பைத்தியமும் இல்ல, மனசு ரொம்ப நாளா பாரம் தூக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். நேராவே கேக்கறேன், சாகணும்னு யோசனை வருதா? எப்படின்னு வரைக்கும் யோசனை போகுதா? போகுதுன்னா இதுக்கு மேல படிக்கறத நிறுத்திட்டு 14416க்கு இப்பவே போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம். மனைவிகிட்டயோ பொண்ணுகிட்டயோ சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரி தனியா இருக்காம பாத்துக்கங்க. பொண்ணு நர்சிங் படிக்கறவ, நீங்க நினைக்கறத விட அவளுக்கு இது புரியும்.

அந்த அளவுக்கு இல்லன்னாலும் டாக்டர பாக்கணும். விடிகாலை 4 மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சு கனக்குது, அது கம்பெனி பஸ்ஸு பழக்கம்னு எழுதியிருக்கீங்க. பழக்கமா இருக்கலாம்தான், ஆனா ஷார்ஜாவுக்கும் நமக்கும் ஒண்ணரை மணி நேரம்தான் வித்தியாசம், உடம்பு அத சில நாள்லயே சரி பண்ணிக்கும், எட்டு மாசம் கழிச்சும் பஸ்ஸு மேல பழி போட முடியாது. விடியறதுக்கு முன்னாடியே முழிச்சு அப்பவே மனசு பாரமா இருக்கறது, சாப்பாட்டுல ருசி போறது, முன்ன பிடிச்சது எதுலயும் இஷ்டம் இல்லாம போறது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா மன அழுத்த நோயான்னு பாத்தே ஆகணும். புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல டாக்டர பாருங்க, அப்படியே சுகர், பிரஷர், தைராய்டும் டெஸ்ட் பண்ணிடுங்க. மருந்து வேணும்னு சொன்னா சாப்பிடுங்க. உங்க முதல் கேள்விக்கு என் பதில் இதுதான், மனசு கெட்டுப் போகல, ஆனா கவனிக்காம விட்டா கெடும்.

எது முடிஞ்சதுன்னு சொல்லிடுங்க

வாழ்க்கை திரும்பற இடத்துல நிக்கறவங்களோட உக்காந்து பேசறப்ப நான் ஒரு முறைய வெச்சுக்குவேன். வில்லியம் பிரிட்ஜஸ்னு ஒரு அமெரிக்கர், காலேஜ்ல இலக்கியம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தவர், 1970கள்ல வேலைய விட்டுட்டு வந்து தன்ன மாதிரியே தவிச்சவங்கள கூட்டி வெச்சுப் பேச ஆரம்பிச்சார், அதுலருந்து வந்தது இது. அவர் சொல்றது, மாற்றம் ஒரே நாள்ல நடந்துடும், ஆனா அதுக்குள்ள மனசு வந்து சேர தனியா ஒரு பயணம் இருக்கு, அந்தப் பயணம் முடிவுல தொடங்கி, நடுவுல ஒரு குழப்பமான காலத்த தாண்டி, கடைசிலதான் புதுசுக்குள்ள போகும். உங்க விஷயத்துல மாற்றம் பிப்ரவரில விசா கேன்சல் ஆன அன்னிக்கே முடிஞ்சிடுச்சு. மனசு இன்னும் ஷார்ஜா கேம்ப்ல மூணாவது கட்டில்லதான் படுத்திருக்கு.

நம்ம ஊர் சம்பிரதாயத்த யோசிச்சுப் பாருங்க. சாவுக்குப் பதினாறு நாள் இருக்கு, பொண்ணு வயசுக்கு வந்தா சடங்கு, புள்ள வயித்துல இருந்தா வளைகாப்பு, ஒரு நெலைலருந்து இன்னொரு நெலைக்குப் போறவங்கள ஊரே கூடி கை புடிச்சு அந்தப் பக்கம் விடும். நீங்க 2002ல கெளம்பினப்ப கூட குலசாமிக்குத் தேங்கா ஒடச்சு வேன் புடிச்சு சொந்தக்காரங்க எல்லாம் ஏர்போர்ட் வரைக்கும் வந்திருப்பாங்க. கேன்சல்ல வந்து எறங்கறவனுக்கு எந்தச் சடங்கும் கிடையாது, மாலை கிடையாது, "23 வருஷம் போதும்ப்பா, நல்லா உழைச்ச"ன்னு சொல்ல ஆள் கிடையாது. ராத்திரி ஃப்ளைட்ல வந்து டாக்சி புடிச்சு வீட்டுக்குள்ள நுழையறதோட சரி. அதனாலதான் நீங்க "லாங் லீவு"ன்னு சொல்றீங்கன்னு நான் நினைக்கறேன், பொய் சொல்லணும்னு இல்ல, அந்த வாழ்க்கைய முடிச்சு வைக்க யாரும் உங்களுக்கு எடம் குடுக்கல.

அந்த எடத்த நீங்களே உண்டாக்குங்க. பெட்டிய எறக்கி, மனைவி புள்ளைங்கள பக்கத்துல வெச்சுகிட்டு, அதுல இருக்கற பழைய ஐடி கார்டு, சேஃப்டி ஷூ, டேப்பு எல்லாம் எடுத்து எது எங்க வாங்கினது, எந்த பில்டிங்ல எத்தனாவது மாடில டக்ட் மாட்டினீங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்கு அந்த 23 வருஷம் மாசாமாசம் வர்ற பணமாதான் தெரியும், ஆகஸ்ட் மாச வெயில்ல மாடில நின்ன ஆள தெரியாது. சொல்லி முடிச்சதும் அந்த டேக்க கிழிச்சுப் போட்டுடுங்க. மறுநாள் டீக்கடைல யாராச்சும் கேட்டா "வேலை முடிஞ்சு வந்துட்டேன்"னு ஒரே வாக்கியம், அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

இந்த "லீவு"க்கு இன்னொரு விலையும் இருக்கு, பண விலை. நீங்க இன்னும் பேங்க்ல என்ஆர்ஐ தான். நிரந்தரமா வந்துட்டா அத பேங்குக்குச் சொல்லி என்ஆர்இ கணக்க (வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான கணக்கு) சாதாரணக் கணக்காவோ, திரும்பி வந்தவங்க வெளிநாட்டுப் பணமாவே வெச்சுக்கற ஆர்எஃப்சி கணக்காவோ மாத்தணும், அது ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டம். டெபாசிட்ட உடைக்க வேண்டியதில்ல, பேசின வட்டிக்கு முதிர்வு வரைக்கும் ஓடும், ஆனா அந்த வட்டிக்கு இருந்த வரி விலக்கு நீங்க ஊர்ல தங்கிட்டா போயிடும். வரி கிடையாதுன்னு நம்பி உக்காந்திருந்தா அப்புறம் சேத்துக் கட்டணும். ஒரு ஆடிட்டர பாருங்க, ஒரு மணி நேர வேலை.

அப்புறம் வேலை முடிஞ்சப்ப கம்பெனி குடுத்த அந்த செட்டில்மென்ட் பணம். நான் வக்கீல் இல்ல, ஆனா நீங்க எழுதின கணக்க கூட்டிப் பாத்தேன். அடிப்படைச் சம்பளம் 1,800 திர்ஹாம், கைக்கு வந்தது 28,980. அதாவது 23 வருஷத்துக்கும் வருஷத்துக்கு 21 நாள்னு போட்டிருக்காங்க. அமீரகத் தொழிலாளர் சட்டத்துல முதல் 5 வருஷத்துக்குத்தான் 21 நாள், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள், மொத்தம் ரெண்டு வருஷ சம்பளத்த தாண்டக்கூடாது, அவ்வளவுதான். அப்படின்னா 105 நாள் ப்ளஸ் 540 நாள், 645 நாள், நாளுக்கு 60 திர்ஹாம்னு 38,700 வரணும். சம்பளம் இல்லாம லீவு எடுத்த நாள் இருந்தா அத கழிப்பாங்க, அத பாத்துக்கங்க, மத்தபடி ஏறக்குறைய 9,700 திர்ஹாம் குறையுது, நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. "கையெழுத்து போட்டுட்டேன், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துலயும் வெளியுறவுத் துறையோட "மதத்" (MADAD)ங்கற ஆன்லைன் புகார் போர்ட்டல்லயும் புகார் குடுக்கலாம், சென்னைல அயலகத் தமிழர் நல ஆணையரகம் இருக்கு, அங்கயும் கேளுங்க. இதுக்கு காலக்கெடு உண்டு, அதனால இந்த மாசமே ஆரம்பிங்க. பணம் வருதோ இல்லையோ, உங்க உழைப்புக்கு நீங்களே சரியான கணக்கு கேட்டீங்கங்கறது முக்கியம்.

நாலு பக்கம் நோட்டு

நான்சி ஷ்லாஸ்பெர்க், மேரிலாண்ட் யூனிவர்சிட்டில கவுன்சலிங் சொல்லிக் குடுத்தவங்க, இந்த மாதிரி திருப்பத்துல நாலு விஷயத்த எடை போடணும்பாங்க: சூழ்நிலை, நான், துணை, வழிகள். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதுங்க.

சூழ்நிலைன்னா நீங்களா வரல, அனுப்பினாங்க, முன்கூட்டி தெரியாது, அத அப்படியே எழுதுங்க. அதோட இன்னொண்ணு, நடந்தது மட்டும் இல்லாம நடக்கும்னு நம்பி நடக்காமப் போனதும் ஒரு இழப்புதான்னு ஷ்லாஸ்பெர்க் சொல்வாங்க. பொண்ணு கல்யாணத்த முடிச்சு, மாடி கட்டி, 55 வயசுல நானா முடிவு பண்ணி வருவேன்னு நினைச்சிருந்தேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வராமப் போன நாளுக்கும் துக்கப்படலாம், அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. நான்ங்கற பக்கத்துல உங்க தொழில எழுதுங்க, டிராயிங் படிப்பீங்க, நாப்பது பேர வேலை வாங்கியிருக்கீங்க, அரபியும் இந்தியும் பேசுவீங்க. கடிதம் முழுக்க "நான் சும்மா இருக்கேன்"னு ஆறு எடத்துல வருது, இதுல ஒண்ணுகூட வரல.

துணைங்கற பக்கத்துலதான் நான் உங்க கூட கொஞ்சம் வாதாடணும். மனைவி மதிக்கலன்னு நினைக்கறீங்க. அண்ணே, ஓடிட்டு இருக்கற ஒரு சைட்டுக்கு உங்கள புதுசா அனுப்பறாங்கன்னு வெச்சுக்கங்க, மொத நாளே அங்க 20 வருஷமா இருக்கற ஃபோர்மேன கூப்பிட்டு மெட்டீரியல் கணக்கு காட்டுன்னு கேப்பீங்களா? அந்த வீட்ல அவங்கதான் ஃபோர்மேன். மகளிர் குழு, ரேஷன், உங்க அம்மாவோட ஆஸ்பத்திரி, ஸ்கூல் மீட்டிங், கிணத்து மோட்டார், எல்லாம் அவங்க தனியா நின்னு பாத்தது. நீங்க கணக்கு கேட்டப்ப அவங்க காதுல விழுந்தது "இத்தன வருஷம் ஒழுங்காத்தான் நடத்துனியா?"ங்கறது. நீங்க அந்த அர்த்தத்துல கேக்கலன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கு யாரும் சொல்லல. உங்க வாழ்க்கை மாறின அதே நாள்ல அவங்க வாழ்க்கையும் மாறிடுச்சு, அவங்களும் ஒண்ண இழந்திருக்காங்க, தனக்குத்தானே முடிவெடுத்துட்டு இருந்த ஒரு வீட்ட. ஒரு நாள் சாயங்காலம் அவங்ககிட்ட கேளுங்க, "நான் வந்ததுல உனக்கு எது கஷ்டமா இருக்கு?"ன்னு. பதில் வர்ற வரைக்கும் குறுக்கப் பேசாதீங்க. அப்புறம் வீட்டு வேலைல ஒண்ணே ஒண்ண, அவங்க குடுக்கறத, முழுசா உங்க பொறுப்புல எடுத்துக்கங்க. சிலிண்டர் புக்கிங்கா இருந்தாலும் சரி.

நாலாவது பக்கம் வழிகள். அதுதான் உங்க மிச்ச ரெண்டு கேள்வி.

மச்சானோட 12 லட்சம்

இப்ப போடாதீங்க. மச்சான் கெட்டவர்னு சொல்லல, பிரிட்ஜஸ் சொன்ன அந்தக் குழப்பமான நடுக்காலத்துல நீங்க இருக்கீங்க. டக்ட் எல்லாம் மாட்டி முடிச்சதும் லீக் டெஸ்ட் பண்ணாம ஃபால்ஸ் சீலிங்க மூட விடுவீங்களா? மூடிட்டா அப்புறம் உடைச்சுத்தான் பாக்கணும். இந்த நடுக்காலம் உங்களுக்கு டெஸ்டிங் நேரம், வெறும் நேரம் மாதிரி தெரியும், இங்கதான் எது ஒழுகுதுன்னு தெரிய வரும். நீங்க 12 லட்சத்த போடத் துடிக்கறது ஷோரூம் மேல உள்ள ஆசையா, இல்ல "என்ன பண்ற?"ன்னு ஊர் கேட்டா சொல்ல ஒரு பதில் வேணுங்கறதாலயா? கடிதத்துல ஷோரூம பத்தி மூணு வரிதான் இருக்கு, ஊர் என்ன சொல்லும்ங்கறத பத்தி ஒரு பக்கம் இருக்கு.

டெஸ்ட் பண்ணணும்னா சின்னதா பண்ணுங்க. திருச்சிலயோ புதுக்கோட்டைலயோ ஏசி கான்ட்ராக்டர்கிட்ட மூணு மாசம் சூப்பர்வைசரா போங்க, சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், ஆனா இங்க ரேட் என்ன, பாக்கி எப்படி வசூல் ஆகுது, எந்த மாசம் வேலை படுக்கும்னு தெரியும். சொந்தமா ஆரம்பிக்கணும்னா மாவட்டத் தொழில் மையத்துல மானியக் கடன் பத்தி விசாரிங்க, எல்லாத்தையும் உங்க டெபாசிட்டுலருந்து எடுக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறமும் மச்சான் கூடதான்னா எழுத்து வேணும், பதிவு பண்ணின பார்ட்னர்ஷிப். பதிவு இல்லாத கூட்டுல உங்க பங்க கேட்டு கோர்ட்டுக்குப் போறதே பெரும் சிக்கல், கடை கடன்ல விழுந்தா ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணும்னாலும் முழுசா கேக்கலாம், உங்க வீடு வரைக்கும் வரும். பொண்ணு கல்யாணத்துக்குன்னு வெச்ச காசு எவ்வளவோ அத முதல்லயே தனியா எடுத்து வெச்சுட்டு மீதியப் பத்தி மட்டும் பேசுங்க. தைக்குள்ள முடியாதுன்னு மச்சான்கிட்ட இப்பவே சொல்லிடுங்க, சித்திரைக்கு மேல பேசலாம்னு சொல்லுங்க. நல்ல வியாபாரம் மூணு மாசம் காத்திருக்கும்.

திரும்பப் போறது

போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், சிலருக்கு அதுதான் சரி. ஆனா ஒண்ணரை லட்சம் கேக்கற ஏஜென்ட் வேண்டாம். பதிவு பண்ணின ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், வெளியுறவுத் துறையோட ஈ-மைக்ரேட் சைட்ல அவர் பேர் இருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சுடும். விசிட் விசால போய் அங்க வேலை தேடிக்கலாம்னு சொன்னா அன்னிக்கே போன வெச்சுடுங்க. 52 வயசுல ஃபோர்மேன் வேலைக்கு நேரா அழைப்பு, எழுத்துல ஒப்பந்தம், இது வந்தா மட்டும் யோசிங்க, அதுவும் மேல சொன்ன டாக்டர், பெட்டி, மனைவியோட பேச்சு, இந்த மூணும் முடிஞ்சதுக்கு அப்புறம். இங்க மூச்சு முட்டுதுன்னு ஓடினா, ரெண்டு வருஷம் கழிச்சு இதே வாசல்ல இதே சிலிண்டர் தம்பிகிட்ட வந்து நிப்பீங்க, அப்ப வயசு 54.

பையன் விஷயத்துக்கு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். அவனுக்கு அப்பான்னா பொறந்ததுலருந்து ஒரு குரல், வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு வர்ற குரல். எதிர்ல உக்காந்திருக்கற இந்தப் பெரிய மனுஷன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு அவனுக்குத் தெரியல, உங்களுக்கும் தெரியல. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு மொட்டை மாடிக்குப் போயி, கீழ ரூம்ல இருக்கற அவனுக்கு 9 மணிக்கு ஒரு போன் போடுங்க. என்னப்பா, மாடிலருந்து பண்றீங்கன்னு சிரிப்பான். சிரிக்கட்டும், நீங்க பழையபடி அந்த வாரம் ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டு மூணு வாரம் அப்படிப் பேசிட்டு, அப்புறம் ஒரு நாள் போன்லயே மேல வர்றியான்னு கேட்டுப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, டாக்டர் என்ன சொன்னார்ங்கறதையும் சேத்து.